ஹரனிருக்குப் பிறகு யார்? வார்க்ராஃப்டில் அடுத்து விளையாடக் கிடைக்கக்கூடிய இனம் குறித்து

வடகடலோடி எழுதியது:

வேர்ல்ட் ஆஃப் வார்க்ராஃப்ட் என்ற இணையவழி விளையாட்டில் அடுத்து எந்த இனத்தை விளையாடக் கொடுப்பார்கள் என்ற கேள்வி ஒவ்வொரு விரிவாக்கத்தின் (புதிய நிலமும் கதையும் சேர்க்கும் பெரிய தொகுப்பின்) அறிவிப்பின்போதும் எழுகிறது. பெரும்பாலும் அந்தப் பேச்சு ஆசைப் பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விளையாட்டில், இதுவரை எந்தெந்த இனங்கள் எந்த வழியில் உள்ளே வந்தன என்பதைக் கூர்ந்து பார்த்தால், ஆசையைத் தாண்டிக் கணிப்புக்கும் இடம் இருக்கிறது என்பது என் கருத்து. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2004 நவம்பரில் விளையாட்டு வெளிவந்தபோது எட்டு இனங்கள் இருந்தன. விளையாட்டில் எதிரெதிரான இரு பக்கங்கள் உண்டு. அலையன்ஸுக்கு மனிதர், ட்வார்ஃப், நைட் எல்ஃப், நோம். ஹோர்டுக்கு ஆர்க், அன்டெட், டாரென், ட்ரோல். 2007இல் பர்னிங் க்ரூசேட் விரிவாக்கம் ப்ளட் எல்ஃபையும் ட்ரெனாயையும் தந்தது. 2010இல் கேட்டக்ளிஸம் வோர்கெனையும் காப்ளினையும் தந்தது. அந்தக் காலத்தில் விதி எளிமையானது: ஒரு பக்கத்துக்கு ஒன்று கொடுத்தால் மறுபக்கத்துக்கும் ஒன்று கொடுத்தாக வேண்டும். 2012இல் வந்த பாண்டாரென் இந்த விதியை முதன்முதலாக உடைத்தது. ஆமையின் முதுகில் அமைந்த அலையும் தீவில் வளர்ந்த ஒரு பாண்டாரென், தொடக்கக் கதை முடிந்த பிறகே எந்தப் பக்கம் சேர்வது என்று முடிவெடுத்தார்.

அதன்பின் நெடுங்காலம் புதிய இனமே இல்லை. 2018இல் கூட்டணி இனங்கள் என்ற ஏற்பாடு வந்ததும் அணை திறந்ததைப்போல அடுத்தடுத்து வந்தன. முதலில் வாய்ட் எல்ஃப், லைட்ஃபோர்ஜ்டு ட்ரெனாய், நைட்போர்ன், ஹைமவுண்டன் டாரென் ஆகிய நான்கும், பிறகு டார்க் அயர்ன் ட்வார்ஃப், மாக்ஹார் ஆர்க், சண்டலாரி ட்ரோல், குல் டிரன் ஆகியவையும் வந்தன. 2020 தொடக்கத்தில் வல்பேராவும் மெக்காநோமும் சேர்ந்தன. இவை அனைத்தும் ஏதேனும் ஒரு பக்கத்துக்கே உரியவை. ஆனால் 2022இல் வந்த டிராக்தைர், 2024இல் வந்த எர்த்தென், மிட்நைட் விரிவாக்கத்தில் சேர்க்கப்பட்ட ஹரனிர் ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்றுமே இரு பக்கத்துக்கும் பொதுவானவை. இதே காலத்தில்தான் இரு பக்கத்தவரும் ஒன்றாக டஞ்சனுக்கும் (சிறு குழுப் போர்) ரெய்டுக்கும் (பெருங்குழுப் போர்) போகலாம் என்ற மாற்றம் 2022இல் வந்தது. மறு ஆண்டு இரு பக்கத்தவரும் ஒரே கில்டில் (விளையாட்டாளர் சங்கத்தில்) சேரலாம் என்றானது. இந்தப் போக்கு இனித் திரும்பாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனவே ‘ஹோர்டுக்கு ஓகர், அலையன்ஸுக்கு இன்னொன்று’ என்று இணை தேடிக் கணிப்பவர்கள் பழைய விதியை வைத்துப் புதிய ஆட்டத்தைப் பார்க்கிறார்கள்.

இரண்டாவதாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். விளையாடக் கிடைத்த இனங்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே நம் கண்ணில் பட்டவைதான். காப்ளின்களை பூட்டி பேயிலும் கேட்ஜெட்ஸானிலும் கடைக்காரர்களாகத் தொடக்க நாளிலிருந்தே பார்த்தோம். வோர்கென்களை ஷேடோஃபாங் கோட்டையில் எதிர்த்துப் போரிட்டோம். எர்த்தெனை 2008இல் நார்த்ரெண்ட் கண்டத்தின் புயல் மலைகளிலேயே சந்தித்துவிட்டோம். விளையாடக் கிடைத்தது 2024இல். ஹரனிர் மட்டும் விதிவிலக்கு. தி வார் விதின் விரிவாக்கத்தின் கதையில் ஓர்வெய்னா என்ற ஒரே பாத்திரத்தின் வழியாக அந்த இனத்தை முன்வைத்து, அடுத்த விரிவாக்கத்திலேயே விளையாடக் கொடுத்துவிட்டார்கள். அங்கேயும் ஒரு விரிவாக்க அளவுக்காவது முன்னறிமுகம் இருந்தது. நிலத்தில் முதலில் வேர்விடாமல் பெரும்பாலும் எந்த இனமும் நம் கைக்கு வந்ததில்லை. டிராக்தைர் போன்ற சிலவே அதற்கு மாறானவை.

இனி என் கணிப்பு. 2023இல் நிறுவனத்தின் ரசிகர் மாநாடான ப்ளிஸ்கானில் மூன்று விரிவாக்கங்களை ஒரே தொடராக அறிவித்தார்கள். அவற்றில் மூன்றாவதான தி லாஸ்ட் டைட்டன் நம்மை மீண்டும் நார்த்ரெண்டுக்கும் அங்குள்ள டைட்டன்களின் நகரமான உல்டுவாருக்கும் அழைத்துச் செல்லப் போகிறது. அந்தக் கண்டத்தில் வாழும் மக்களில் விளையாடும் தகுதியோடு நிற்பவர்கள் டஸ்கார் (வால்ரஸ் போன்ற கடலோர மக்கள்), விரைகுல் (பேருருவ மனிதர்), டாவுங்கா, நெரூபியன் (சிலந்தி போன்றவர்) ஆகிய நால்வர். இவர்களில் டஸ்காருக்கே முதலிடம் தருவேன். லிச் கிங் விரிவாக்கத்தின் காலத்தில் காமாகுவா, மோவாக்கி, உனூபே ஆகிய மூன்று துறைகளில் அவர்களைக் கண்டோம். அந்த ஊர்களுக்கிடையே பெரிய ஆமைகளின் மேல் ஏறிப் பயணித்தோம். ட்ராகன்ஃப்ளைட்டில் அவர்களை இஸ்காரா என்ற ஊரோடும், புதிதாகச் செதுக்கிய உருவங்களோடும், தங்களுக்கென்று ஒரு புகழ்நிலைப் படிவரிசையோடும் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டு விரிவாக்கங்களில், இரண்டு வெவ்வேறு நிலங்களில், குடும்பமாகவும் ஊராகவும் காட்டப்பட்ட மக்கள் அவர்கள். மீண்டும் நார்த்ரெண்டுக்குப் போகும்போதும் அவர்களை மீன் வாங்கும் பாத்திரங்களாகவே நிறுத்திவைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். ஆசையை எழுதினாலும் சரிதான். அது ஏன் நடக்கும் என்பதற்கு ஒரு காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

பாம்புக்கொடி எழுதியது:

நல்ல தொடக்கம், நண்பரே. ஆனால் நிலத்தில் வேர்விட்டிருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல் என்றால், அந்த அளவுகோலின்படி முதலில் நிற்க வேண்டியது நாகாக்கள் அல்லவா?

அவர்கள் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் அரசி அஸ்ஷராவோடு கடலில் மூழ்கிப் பாம்பு உடல் பெற்ற உயர்குல எல்ஃப்கள். அவர்களுடைய தோற்றம், வீழ்ச்சி, அரசி, நகரம் எல்லாம் கதையில் ஏற்கெனவே உள்ளன. 2019இல் நாஸ்ஜதாரையே கடல் பிளந்து காட்டினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி உருவங்கள் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. அரசியை விட்டு விலகிய ஒரு குழு என்ற கதை வேண்டும் என்றால் அதை எழுதுவதற்குப் பெரிய தடை ஒன்றும் இல்லை. லிச் கிங்கின் பிடியிலிருந்து விடுபட்ட அன்டெட்களும், சர்கெராஸின் படையிலிருந்து தப்பிய ட்ரெனாய்களும் இருக்கும் உலகில், தன் அரசியை மறுத்த நாகாவுக்கு மட்டும் ஏன் இடமில்லை?

நாகா வேண்டாம் என்றால் செத்ராக் என்ற பாம்பு மக்கள் இருக்கிறார்கள். வோல்டூன் பாலைவனத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். ஒரே மணலில் நரி உருவ வல்பேராவும் செத்ராக்கும் வாழ்ந்தன. செத்ராலிஸ் தெய்வத்துக்கு உண்மையாக நின்ற வோரிக்கின் பக்கத்தவருக்கும், துரோகம் செய்தவர்களுக்கும் இடையே நடந்த போரில் நாம் வோரிக்கின் பக்கம் நின்று போராடினோம். அந்தக் கதையின் பாரத்தைச் சுமந்தவர்கள் செத்ராக் மக்கள். ஆனால் விளையாடக் கிடைத்தது வண்டிகளில் சுற்றிய வல்பேராதான். வல்பேராவை நான் குறை சொல்லவில்லை. தன் முகாமைத் தானே அமைத்துக்கொண்டு திரும்பி வரும் அவர்களுடைய இயல்புத்திறன் எனக்கும் பிடித்ததே. ஆனாலும் சதுப்பிலும் மணலிலும் ஊரும் செதில் உடம்பு கொண்ட ஒரு மக்கள் இந்த விளையாட்டில் இதுவரை இல்லை என்பது ஒரு பெரிய குறை. டிராக்தைர் அந்த இடத்தை நிரப்பவில்லை. அது டிராகன், பாம்பல்ல.

டஸ்கார் அன்பானவர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களுக்கு உள்முரண் இல்லை. ஒரு வீரனின் கதையைத் தொடங்குவதற்குத் தேவையான காயம் அந்த மக்களிடம் எங்கே இருக்கிறது?

பட்டறைக்காரி எழுதியது:

நான் விளையாட்டுத் துறையில் முப்பரிமாண உருவங்களுக்கு அசைவு கொடுக்கும் வேலை செய்பவள். இந்த நிறுவனத்தோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு பதிவுகளிலும் கதையை நன்றாகப் பேசியிருக்கிறீர்கள். உருவத்தின் பக்கத்தை நான் சேர்க்கிறேன், ஏனெனில் எந்த இனம் வரும் என்பதைக் கதை எவ்வளவு தீர்மானிக்கிறதோ அதே அளவுக்குக் காலணியும் தீர்மானிக்கிறது.

ஒரு விளையாட்டுப் பாத்திரத்தின் தோலுக்குள் எலும்புச் சட்டகம் ஒன்று இருக்கும். ஓடுவது, நீந்துவது, வில் இழுப்பது, இருகை வாளை வீசுவது, மந்திரம் ஓதுவது, அமர்வது, நடனமாடுவது ஆகிய எல்லா அசைவுகளும் அந்தச் சட்டகத்தின் மேல்தான் எழுதப்படுகின்றன. சாலையில் நிற்கும் ஒரு கதைப் பாத்திரத்துக்கு அதில் சிறு பகுதி போதும். விளையாடுபவருக்கோ எல்லா வகுப்புகளின் (வாரியர், மேஜ் போன்ற போர்முறைப் பிரிவுகளின்) எல்லா அசைவுகளும் வேண்டும். அதனால்தான் வல்பேரா காப்ளினின் சட்டகத்தின் மேலும், நைட்போர்ன் நைட் எல்ஃபின் சட்டகத்தின் மேலும், எர்த்தென் ட்வார்ஃபின் சட்டகத்தின் மேலும் எழுப்பப்பட்டன. பாம்புக்கொடி அவர்கள் கேட்ட கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது. செத்ராக்கைவிட வல்பேராவை முன்னே தள்ளியதில் அசைவுச் செலவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்று தொழில் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

அடுத்தது கவசம். இந்த விளையாட்டில் ஒரே தலைக்கவசம் ஒவ்வொரு இனத்துக்கும், அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும், தனித்தனியாகப் பொருத்தப்படுகிறது. டாரெனின் கொம்பு, வோர்கெனின் நீண்ட முகம், நோமின் பெரிய தலை ஆகிய எல்லாவற்றுக்கும் அதே கவசம் உட்கார வேண்டும். புதிய இனம் ஒன்று சேரும்போது, இனி வரப்போகும் கவசங்களை மட்டுமல்ல, 2004 முதல் குவிந்திருக்கும் அத்தனை தலைக்கவசங்களையும் அதற்கு ஒத்திசைக்க வேண்டும். இது வெளியே தெரியாத வேலை. ஆனால் மிகப் பெரிய வேலை. டிராக்தைரில் இதைச் சுருக்கிக்கொண்டார்கள். அதன் டிராகன் வடிவத்தில் தோள் கவசம், இடுப்புப் பட்டை போன்ற சிலவற்றைத் தவிர நாம் அணிந்திருப்பது பெரும்பாலும் தெரிவதில்லை. முழு உடையைப் பார்க்க மனிதத் தோற்ற வடிவத்துக்கு மாற வேண்டும். பல மாதங்கள் ரெய்டில் உழைத்துச் சேர்த்த கவசத்தைத் தன் பாத்திரத்தின் மேல் பார்க்க முடியாத ஒருவருக்கு அந்த இனத்தின் மேல் ஒட்டுதல் வருவது கடினம். மெக்காநோம் வந்தபோதும் இதே மனக்குறைதான்: கையும் காலும் இயந்திரமாக இருந்ததால் கையுறையும் காலணியும் மறைந்தன.

இப்போது நாகாவை நினைத்துப் பாருங்கள். காலணி மட்டுமல்ல, காற்சட்டைக்கும் இடமில்லை. ஊர்திகளில் உட்கார்வதற்குத் தொடை இல்லை. குதிக்கும் அசைவு, உதைக்கும் அசைவு, மாங்க் வகுப்பின் முழு அடவுகள் ஆகிய அனைத்தும் புதிதாக யோசிக்கப்பட வேண்டும். ஒரு சிறந்த குழு இதைச் செய்ய முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். செய்தால் மகிழ்ச்சியோடு வரவேற்பேன். ஆனால் ஒரு நாகாவின் விலையில் மூன்று இருகால் இனங்களை உருவாக்கலாம். நெரூபியனுக்கும் இதே கணக்குத்தான்.

டஸ்காரின் உடல் அகன்றது. ஆனால் இரண்டு கை, இரண்டு கால். பாண்டாரெனும் குல் டிரனும் அகன்ற உடலை ஏற்கெனவே சமாளித்துக் காட்டிவிட்டன. தந்தங்கள்தான் சிக்கல். முகத்தை முழுதும் மூடும் கவசங்களில் தந்தம் உலோகத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். ட்ரோலின் தந்தங்களில் இந்தச் சிக்கலோடு இருபது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். எனவே இது தடையாகாது.

கோரியா நாட்டான் எழுதியது:

ஓகர் என்ற பேருருவ மக்களைப் பற்றி ஒருவராவது எழுதியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன். 1995இல் வந்த இரண்டாம் வார்க்ராஃப்டிலேயே ஹோர்டின் படையில் நின்றவர்கள் அவர்கள். டஸ்ட்வாலோ சதுப்பில் இருக்கும் ப்ராக்கன்வால் ஊரில் ஸ்டோன்மால் குலத்தார் இன்றும் ஹோர்டின் பக்கமே நிற்கிறார்கள். டயர் மாலில் ஓகர் அரசனை வீழ்த்திவிட்டு, அவனுடைய காவலர்களைக் கொல்லாமல் விட்டிருந்தால் நம்மையே அரசனாக ஏற்றுக் காணிக்கை கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் விளையாடிய எவருக்கும் அது மறக்காது. வாரலார்ட்ஸ் ஆஃப் ட்ரெனோரில் அவர்களுக்கு ஒரு பேரரசு இருந்ததையும், ஹைமால் என்ற நகரத்தையும் காட்டினார்கள். கட்டடம், மந்திரம், அரசியல், அடிமை முறை என அத்தனையும் உள்ள ஒரு மக்களை அங்கே பார்த்தோம். மூடர் கூட்டம் என்ற பழைய சித்திரத்தை உடைக்கும் அளவுக்கு அது இருந்தது.

பெண் ஓகர்களை அந்தப் பேரரசில்கூடக் காட்டாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அதுதான் தடை என்று சிலர் சொல்வதுண்டு. கேட்டக்ளிஸத்துக்கு முன் வோர்கென்களில் பெண்களை யாரும் கண்டதில்லை. விளையாடக் கொடுக்கும்போது வரைந்தார்கள். எனவே அந்த வாதம் நிற்காது. நிற்கும் வாதம், வடகடலோடி அவர்கள் சொன்னதுதான். இனிமேல் வரும் இனங்கள் இரு பக்கத்துக்கும் பொது என்றால், ஓகரை அலையன்ஸின் கோட்டைக்குள் எப்படி நுழைப்பது என்ற கேள்விக்கு நல்ல விடை ஒன்று வேண்டும். ரெக்ஸரைப்போல ஆர்க்குக்கும் ஓகருக்கும் பிறந்த மோக்நதால் மக்களை வைத்துத் தொடங்கலாம் என்பது என் யோசனை. நெடுங்காலம் எந்தப் பக்கமும் முழுமையாகச் சேராமல் காட்டோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். உடலும் ஆர்க்கைவிடச் சற்றே பெரியது. சட்டகச் சிக்கலும் குறையும்.

வெள்ளிநிலா எழுதியது:

பட்டறைக்காரி அவர்களின் பதிவுக்கு நன்றி. இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் அதுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. அதிலிருந்து ஒன்றைத் தொடர விரும்புகிறேன்.

புதிய இனம் வேண்டும் என்று கேட்பதற்கும், இருக்கும் இனத்தில் புதிய தோற்றம் வேண்டும் என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் பிரித்தே பேச வேண்டும். அலையன்ஸ் பக்கத்தில் ஹை எல்ஃப் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. 2017 ப்ளிஸ்கானில் அதற்குப் பதிலாக வாய்ட் எல்ஃப் அறிவிக்கப்பட்டபோது மனம் உடைந்துபோனது உண்மை. நீலமும் ஊதாவும் கலந்த தோலோடு ஒரு சிறு குழுவின் கதையாக வந்த அந்த இனத்தை நான் நெடுநாள் தொடவே இல்லை. பிறகு ஷேடோலேண்ட்ஸ் காலத்தில் வாய்ட் எல்ஃபுக்கு இயல்பான தோல் நிறங்களையும், பின்னர் இயல்பான கூந்தல் நிறங்களையும் சேர்த்தார்கள். அன்று முதல் நான் கேட்ட பாத்திரம் என் கையில் இருக்கிறது. புதிய இனம் ஒன்றும் சேரவில்லை. தோற்றத் தேர்வுகள் சிலவே சேர்ந்தன. ட்ரெனாய்களுக்கு எரெடார் தோற்றமும் ட்வார்ஃப்களுக்கு வைல்டுஹாமர் குலத்தின் பச்சைக் குத்துகளும் இதே வழியில்தான் வந்தன.

இந்த வழியை ஏற்றுக்கொண்டால் வடகடலோடி அவர்களின் நால்வர் பட்டியலில் ஒருவர் உடனே கழிந்துவிடுவார். டாவுங்கா என்பது நார்த்ரெண்டின் குளிருக்குப் பழகிய டாரெனின் உறவினம். கொம்பும் ரோமமும் மாறினால் போதும். ஹைமவுண்டன் டாரென் தனி இனமாக வந்த 2018இல் என்றால் டாவுங்காவும் தனி இனமாக வந்திருக்கலாம். இன்று அது டாரெனுக்கான ஒரு தோற்றத் தேர்வாகவே வரும், வர வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

விரைகுலைப் பற்றியும் ஒரு கருத்து. சதையின் சாபத்தால் சிறுத்துப் பிறந்த தம் குழந்தைகளைக் கொல்லுமாறு அரசன் யமிரன் ஆணையிட்டதும், சில பெற்றோர் அந்தக் குழந்தைகளைத் தொலைதூரத்தில் கொண்டுபோய் மறைத்ததும், அவர்களின் வழி வந்தவர்களே மனிதர்கள் என்பதும் இந்த உலகின் மிக வலுவான தோற்றக் கதைகளில் ஒன்று. உட்கார்டு கோட்டையின் வாசலில் நிற்கும்போது அது எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். ஆனால் விளையாடும்போது அவர்களைக் கதவுக்குள் நுழையும் அளவுக்குச் சுருக்கியாக வேண்டும். சுருக்கிய விரைகுல் என்பது குல் டிரனிலிருந்து எவ்வளவு வேறுபடும்? எனக்கு இதில் நம்பிக்கை குறைவு.

யாரும் பேசாத ஒருவரை நான் முன்வைக்கிறேன். தி வார் விதினில் ஹாலோஃபாலில் சந்தித்த அராத்தி மக்கள். மனித இரத்தமும் எல்ஃப் இரத்தமும் கலந்தவர்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு பேரரசிலிருந்து வந்தவர்கள். அந்தப் பேரரசை நாம் இன்னும் பார்க்கவே இல்லை. ஒரு மக்களின் கிளையை மட்டும் காட்டி வேரை மறைத்துவைத்திருப்பது, அவர்களிடம் திரும்பி வரும் எண்ணம் இருப்பதற்கான அடையாளமாகத் தெரிகிறது. அவர்கள் தனி இனமாக வருவார்களா, மனிதருக்கான தோற்றத் தேர்வாக வருவார்களா என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

கட்டுத்துணி எழுதியது:

ஈத்தீரியல்கள். அவ்வளவு காலம் காத்திருந்தோம். 2025இல் கரேஷ் என்ற அவர்களுடைய சிதைந்த சொந்த உலகத்துக்கே போய் வந்துவிட்டோம். ஷேடோலேண்ட்ஸில் கண்ட வணிகர்களும் அவர்களுடைய உறவினரே என்பதும் தெளிவாகிவிட்டது. இருகால் உடல், எந்தப் பக்கமும் சாராத வணிக மரபு, உலகிழந்த சோகம் என இந்த இழையில் சொல்லப்பட்ட எல்லா அளவுகோல்களுக்கும் அவர்கள் பொருந்துகிறார்கள். உடம்பே துணிக் கட்டுகளால் ஆனது என்பதால் கவசத்துக்குள் தெரியும் அந்த ஒளியை அழகாகச் செய்தால், வேறு எந்த இனத்திலும் கிடைக்காத தோற்றம் கிடைக்கும். தி லாஸ்ட் டைட்டன் நார்த்ரெண்டின் கதை என்பது ஒன்றே எனக்குத் தயக்கம் தருகிறது. விரிவாக்கத்தின் நிலத்துக்குத் தொடர்பில்லாத இனத்தை அந்த விரிவாக்கத்தோடு பெரும்பாலும் கொடுத்ததில்லை. ஆனால் இடைக்காலப் புதுப்பிப்பு ஒன்றில் கொடுக்கலாம். வல்பேராவும் மெக்காநோமும் அப்படித்தான் வந்தன.

வடகடலோடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாம்புக்கொடி அவர்களின் கேள்வியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் என் கணிப்பின் நெஞ்சில் கை வைத்தது அதுதான்: டஸ்காரிடம் காயம் எங்கே?

காயம் இருக்கிறது; விளையாட்டு அதை உரக்கச் சொல்வதில்லை. போரியன் டன்ட்ராவின் கடற்கரையில் பனிமூட்டத்தோடு வரும் க்வால்டிர்கள் அவர்களின் ஊரைச் சூறையாடியதை நினைவுகூருங்கள். மீன்பிடிக்கவும் பாடவும் தெரிந்த மக்கள், கடலிலிருந்து எழுந்து வரும் இறந்த விரைகுல்களை எதிர்கொண்டார்கள். அவர்கள் பெரிய சக்திகளின் போரில் ஒரு பக்கம் சேர்ந்ததில்லை. லிச் கிங்கின் கோட்டை எழுந்து நின்ற கண்டத்தில், அதன் நிழலிலேயே வலை உலர்த்தி வாழ்ந்தவர்கள். வீரக்கதை என்றால் துரோகமும் பழிவாங்கலும்தான் என்று நாம் பழகிவிட்டோம். பெரியவர்களின் போர் தம் கரையைத் தொடும்போது சிறியவர்கள் எப்படித் தம்மைக் காத்துக்கொள்கிறார்கள் என்பதும் ஒரு கதைதான். உல்டுவாரும் டைட்டன்களும் மையமாகும் விரிவாக்கத்தில், உலகைப் படைத்தவர்களின் நோக்கம் என்ன என்று எல்லோரும் வாதாடும்போது, அந்த நோக்கத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் தம் கடல் தெய்வங்களை மட்டும் வணங்கிவரும் ஒரு மக்களின் கண் வழியாக அதைப் பார்ப்பதில் பெரும் மதிப்பு இருக்கிறது.

மோவாக்கித் துறைக்கு அருகே ஒரு பணி உண்டு. கடல் தெய்வம் ஓவாச்சாநோவாவிடம் பேசுவதற்காக நம்மை அனுப்புவார்கள். முத்தை வைத்து அழைத்ததும் தெய்வத்தின் குரல் கேட்கும். கரை முனையிலிருந்து கடலில் குதித்துக் கீழ்ப்படிதலைக் காட்டச் சொல்லும். குளிர்ந்த நீரில் குதித்து மேலே வருவோம், அவ்வளவுதான் பணி. அங்கே கொல்ல ஒன்றுமில்லை, எடுத்து வர ஒன்றுமில்லை. ஒரு மக்களின் நம்பிக்கையை நம் உடம்பால் ஒரு கணம் ஏற்கச் செய்யும் பணி அது. அதன்பின் ட்ராகன்ஃப்ளைட்டில் இஸ்காராவின் கூட்டு விருந்தில், அறிமுகமே இல்லாத விளையாட்டாளர்கள் ஒரே பெரிய கொப்பரையைச் சுற்றி நின்று, ஒருவர் மீன் பிடித்துவர, ஒருவர் பொருள் சுமந்துவர, சூப் சமைத்தோம். இந்த இரண்டையும் வடிவமைத்தவர்கள் டஸ்காரை அழகுப் பொருளாக நினைத்திருக்க முடியாது.

வகுப்புகளைப் பற்றி யாரும் எழுதவில்லை. மேஜ், ரோக், ப்ரீஸ்ட், வார்லாக் ஆகியவற்றை ட்ராகன்ஃப்ளைட் காலத்திலேயே எல்லா இனங்களுக்கும் திறந்துவிடத் தொடங்கினார்கள் என்பதால் அந்தப் பழைய வேலி பெரும்பாலும் போய்விட்டது. டஸ்காருக்கு ஷாமன் இயல்பாகப் பொருந்தும். ஹன்டரும் வாரியரும் அப்படியே. ட்ரூயிடைக் கொடுத்தால் அவர்களுக்கென்றே கடல்சார்ந்த வடிவங்கள் வேண்டும். நீந்தும் வடிவமாகக் கடற்சிங்கத்தைத் தருவார்கள் என்றால் அதற்காகவே நான் முதலில் ஒரு ட்ரூயிடைத்தான் தொடங்குவேன்.

பாம்புக்கொடி எழுதியது:

உங்கள் விடையை மதிக்கிறேன். ஓவாச்சாநோவாவின் பணியை நான் செய்திருக்கிறேன். அதை இப்படிப் பார்த்ததில்லை. ஆனாலும் என் நாகாவை விட்டுக்கொடுப்பதாக இல்லை. பட்டறைக்காரி அவர்களுக்கு ஒரு கேள்வி: வோர்கென் தன் மனித உருவத்துக்கும் ஓநாய் உருவத்துக்கும் மாறுவதைப்போல, டிராக்தைருக்கு ஒரு மனிதத் தோற்ற வடிவம் இருப்பதைப்போல, நாகாவுக்குத் தன் பழைய உயர்குல எல்ஃப் உருவத்தை நினைவூட்டும் ஓர் இருகால் வடிவத்தைக் கொடுத்தால் உங்கள் கணக்கு மாறுமா? நிலத்தில் எல்ஃபாகவும், நீரிலும் போரிலும் பாம்பாகவும் இருக்கலாம். கவசம் நில வடிவத்தில் முழுமையாகத் தெரியும்.

பட்டறைக்காரி எழுதியது:

ஓரளவு மாறும். நில வடிவத்துக்கு நைட் எல்ஃப் அல்லது நைட்போர்ன் சட்டகத்தையே பயன்படுத்தலாம். ஊர்தி, காலணி, காற்சட்டை ஆகிய மூன்று தொல்லைகளும் அந்த வடிவத்தில் தீர்ந்துவிடும். ஆனால் போரில் பாம்பு வடிவம் என்று சொல்கிறீர்கள். விளையாடும் நேரத்தில் பெரும்பகுதி போரில்தான் போகிறது. எனவே அத்தனை வகுப்புகளின் அத்தனை அடவுகளையும் பாம்பு உடலுக்கு எழுதும் வேலை அப்படியே நிற்கிறது. டிராக்தைரை முதலில் ஒரே ஒரு வகுப்போடு வெளியிட்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். தி வார் விதின் காலத்தில்தான் அதற்கு வேறு வகுப்புகளைத் திறந்தார்கள். நாகாவையும் அதே வழியில், ஷாமன், மேஜ், வாரியர் போன்ற சில வகுப்புகளோடு மட்டும் தொடங்கினால் செய்யக்கூடியதே.

நீங்கள் இதை விரும்பினால் நிறுவனத்தின் கருத்துப் பெட்டியில் எழுதும்போது ‘நாகா வேண்டும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வடிவத்தில், எந்தெந்த வகுப்புகளோடு, கால் கவசம் தெரியாமல் போவதை நீங்கள் ஏற்பீர்களா மாட்டீர்களா என்பதையும் எழுதுங்கள். வடிவமைப்பாளர்களின் மேசையில் ஒரு யோசனை நின்றுபோவது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்வியில்தான்.

கோரியா நாட்டான் எழுதியது:

கால் கவசம் தெரியாவிட்டால் நான் ஏற்க மாட்டேன். தோளும் காலணியும்தான் நான் முதலில் தேடிச் சேர்ப்பவை. ஓகருக்கு அந்தத் தொல்லை இல்லை. இரட்டைத் தலை ஓகரை மட்டும் கேட்காமல் விட்டுவிடுகிறேன். ஒரு கவசத்தை இரண்டு தலைக்கும் எப்படி மாட்டுவது என்று பட்டறைக்காரி அவர்களைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிநிலா எழுதியது:

வடகடலோடி அவர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். டஸ்கார் வந்தால் அவர்களின் மரபுக் கவசம் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதைத் தனி இழையாகத் தொடங்குங்கள். கூட்டணி இனங்கள் ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு கவசம் கொடுத்திருக்கிறார்கள். அந்த மக்களின் பண்பாட்டை விளையாட்டு எவ்வளவு தூரம் புரிந்துகொண்டிருக்கிறது என்பது அதில்தான் தெரிகிறது. எலும்பால் செதுக்கிய தூண்டில், தந்தத்தில் கட்டிய கயிறு, மீன்தோல் மேலாடை ஆகியவற்றை வைத்து ஒரு வரைவை நானும் முயன்று பார்க்கிறேன். அதை அந்த இழையில் இடுகிறேன்.